பத்தடிக் கூடத்துக்கு ஒரு லென்ஸ்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கும்பகோணத்தில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்திவருகிறேன். கல்லூரி மாணவர்கள், ஊர்த் திருவிழாக்களை ஆர்வத்தால் படமெடுப்பவர்கள், திருமணப் படப்பிடிப்பில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் எனப் பலரும் கடைக்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, கேமரா இருக்கு. கையில பத்தாயிரம் ரூபாய் சேர்த்து வச்சிருக்கேன். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரு லென்ஸ் சொல்லுங்க" என்பார்கள். அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வானொலி நிலையத்தார் இன்று எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள்.

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருப்பது 18 முதல் 200 மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம் லென்ஸைத்தான். பக்கத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் ஒரே குழலுக்குள் அடங்கிவிட்டால் வேறு லென்ஸே தேவைப்படாது என்று நம்புகிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்போது, கெட்டுப்போன படங்களில் மிகப் பெரும்பாலானவை வெளிச்சம் போதாமல் கெட்டவையாக இருக்கின்றன. தொலைவு எட்டாமல் கெட்டவை மிகக் குறைவு. நம்முடைய படங்களில் முக்கால் பங்கு வீட்டுக்குள்ளும் மண்டபத்திலும் கோயில் பிராகாரத்திலும் மாலை மங்கிய தெருவிலும் எடுக்கப்படுபவை. அதனால், பணம் குறைவாக இருக்கிறவருக்கு எல்லாவற்றுக்கும் ஆகிற லென்ஸ் என்றால் அது குறைந்த வெளிச்சத்திலும் கைகொடுக்கிற லென்ஸாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை எடுத்துக்கொள்வோம். 18 முதல் 55 மில்லிமீட்டர், எஃப் 3.5 முதல் 5.6 என்று அதன் முகப்பில் அச்சிட்டிருக்கும். மில்லிமீட்டரில் இருப்பது குவியத் தூரம், அது கூடக் கூட எட்டத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எஃப்போடு வருவது எஃப் எண், அது குறையக் குறைய வெளிச்சம் கூடும். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும். 55 மில்லிமீட்டரில் எஃப் 5.6 என்றால் அந்தத் துளை சுமார் 10 மில்லிமீட்டர்தான். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. இதையே 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸில் கணக்கிட்டால் விட்டம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் வரும். நம் பையில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய துளை அது. பொத்தான் அளவுத் துளை வழியாக வெளிச்சம் வருவதற்கும் நாணய அளவுத் துளை வழியாக வருவதற்கும் உள்ள வேறுபாடு எஃப் எண் கணக்கில் ஒன்பது மடங்குக்கு மேல் என்பதைக் கேட்டால், பலருக்கு முதலில் நம்பிக்கை வருவதில்லை.

என் அக்காள் மகளின் வளைகாப்பு வீட்டுக் கூடத்தில்தான் நடந்தது. சுவரில் ஒரே ஒரு குழல் விளக்கு. ஜன்னல் பக்கம் முழுவதும் உறவினர் கூட்டம். அத்தைமார் ஒவ்வொருவராக வந்து அவள் கையில் கண்ணாடி வளையலை ஏற்றினார்கள். சந்தனம் பூசிய புறங்கையைத் தாண்டி வளையல் மணிக்கட்டுக்குள் இறங்குவது ஒரு கணம்தான். கிட் லென்ஸில் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் கதவு, 1/15 நொடியைவிட வேகமாக மூட மறுத்தது. முகங்கள் தெளிவாகவும் கைகள் புகையாகவும் விழுந்தன. லென்ஸை மாற்றித் துளையை எஃப் 1.8க்குத் திறந்ததும், அதே விளக்கில், கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவையும் மாற்றாமல், 1/125 நொடி கிடைத்தது. வளையலின் பச்சையும் அதன் விளிம்பில் ஒட்டியிருந்த சந்தனத் துகளும்கூட அந்தப் படத்தில் தெரிகின்றன. கிட் லென்ஸில் கைநடுக்கத்தைத் தடுக்கும் வசதி இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. அந்த வசதி நம் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும். எதிரே அசைகிற அத்தையின் கையை அதனால் நிறுத்த முடியாது.

ஆகவே, கிட் லென்ஸை விற்றுவிடாமல் வைத்துக்கொண்டு, எஃப் 1.8 அளவு திறக்கக்கூடிய, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒன்றை வாங்குங்கள் என்று சொல்கிறேன். அகன்ற காட்சிக்குப் பழையது இருக்கிறது. வெளிச்சம் இல்லாத இடத்துக்குப் புதியது வருகிறது. பல கேமரா நிறுவனங்களின் விலைப்பட்டியலில் மிகக் குறைந்த விலையில் இருப்பவற்றுள் இந்த வகை லென்ஸும் ஒன்று.

இதற்கடுத்து வரும் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 50 வாங்குவதா, 35 வாங்குவதா? புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் லைக்கா கேமராவில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸையே பயன்படுத்தினார் என்பதை எங்கோ படித்துவிட்டு, அதையே வாங்க முடிவு செய்துவிடுகிறார்கள். அவர் பயன்படுத்தியது 36க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள ஃபிலிம். நாம் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் கேமராக்களில் ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைப் பதிகிற சென்சார் அதைவிடச் சிறியது, நிக்கானில் 1.5, கேனானில் 1.6 என்ற பெருக்கத்தைச் சேர்த்துத்தான் கோணத்தைக் கணக்கிட வேண்டும். நம் கேமராவில் அந்த 50, அவருடைய கேமராவில் 75 அல்லது 80 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் குறுகிய கோணத்தைத்தான் காட்டும். அவர் கண்ட கோணம் நமக்கு வேண்டுமென்றால் 35ஐ ஒட்டித்தான் தேட வேண்டும்.

ஓர் எளிய அளவைச் சொல்கிறேன். வீட்டில் டேப் பிடித்துப் பார்க்கலாம். சிறிய சென்சார் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றால், படத்தின் அகலத்துக்குள் எதிர்ச்சுவரின் நாலரை அடிதான் அடங்கும். 35 மில்லிமீட்டரில் ஆறரை அடி அடங்கும். நிற்கிற ஒருவரைத் தலை முதல் கால் வரை, கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்க 50க்குப் பதின்மூன்று அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். 35க்கு ஒன்பது அடி சொச்சம் போதும். நம் ஊர் வீடுகளில் கூடம் பெரும்பாலும் பத்தடி, பன்னிரண்டடி. 50 வாங்கிய தம்பி ஒருவர், "பின்னால போகப் போக முதுகு சுவரில் இடிக்குது அண்ணே" என்று சொன்னபோது, வாங்கும் முன்பே இதைச் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்குத் தீர்வு எளிது. இந்தச் சிறிய சென்சாருக்கென்றே 2009இல் வந்த 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸ் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தக்கது. எடை 200 கிராம்தான். கேனானில் 2015இல் வந்த 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 எஸ்டிஎம் விலையில் சிறியது, முகப் படங்களுக்கு மிகவும் அருமையானது. ஆனால் கூடத்துக்குள்ளேயே அதிகம் படமெடுப்பவர்கள் 24 மில்லிமீட்டர், எஃப் 2.8 எஸ்டிஎம் என்ற, தட்டையான பிஸ்கட் போன்ற லென்ஸைப் பார்ப்பது நல்லது. வெளிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல் இழந்தாலும் இடத்தில் நிறையப் பெறுவார்கள்.

யாருடைய பேச்சையும், என் பேச்சையும்கூட, அப்படியே நம்ப வேண்டியதில்லை. நீங்கள் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து அவற்றின் விவரப் பக்கத்தைப் பார்த்தால், ஒவ்வொரு படமும் எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கும். முந்நூறு படங்களைப் பார்த்தால் உங்கள் கண் எங்கே நிற்கிறது என்று விளங்கிவிடும். பிறகு கிட் லென்ஸின் வளையத்தை 35இல் நிறுத்தி, ஒரு துண்டு காகித டேப் ஒட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதை நகர்த்தாமல் படமெடுங்கள். அடுத்த ஞாயிறு 50இல். எதில் முதுகு சுவரில் இடிக்கிறது, எதில் காட்சி விலகிப்போகிறது என்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எஃப் 1.8 வாங்கியவர்கள் அதை எப்போதும் முழுவதும் திறந்தே வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. 50 மில்லிமீட்டரில், ஐந்தடித் தொலைவில், முழுவதும் திறந்த நிலையில் தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். மூக்கு நுனியில் குவியம் விழுந்தால் கண் மங்கிவிடும். ஒருவர் முகத்துக்கு 2.8, நாலைந்து பேர் வரிசையாக நின்றால் 4 அல்லது 5.6 என்று துளையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

திருமணப் படப்பிடிப்பையே தொழிலாக எடுத்துக்கொள்ளப்போகிறவர்களுக்கு மட்டும் என் பதில் மாறும். மேடையில் லென்ஸ் மாற்ற நேரம் இராது. அவர்கள் இன்னும் சில மாதங்கள் பணம் சேர்த்து, 17 முதல் 50 வரை, எல்லாக் குவியத் தூரத்திலும் எஃப் 2.8 தருகிற டாம்ரான் அல்லது சிக்மா ஜூம் லென்ஸைப் பழையதாகத் தேடலாம். 18–200 வகை, பகல் வெளிச்சத்தில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு வசதியானது. முதல் லென்ஸாக நான் அதைச் சொல்வதில்லை.

பழைய லென்ஸ் வாங்கும்போது பின்மூடியைக் கழற்றி, செல்பேசியின் டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து, மறுபக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. நிக்கான்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடலில் மோட்டார் கிடையாது, ஆகையால் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 டி போன்ற பழைய லென்ஸ்கள் அவற்றில் தாமாகக் குவியாது, கையால்தான் திருப்ப வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பூஞ்சையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் ஐப்பசி அடைமழையில், தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டிய என் லென்ஸைத் தை மாதம்தான் வெளியே எடுத்தேன். கண்ணாடியின் மேற்பூச்சை அந்த இழைகள் அரித்துவிட்டிருந்தன. துடைத்தபோது பூஞ்சை போயிற்று, தடம் போகவில்லை. காவிரிக் கரையிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் தோல் உறையை விட்டுவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு லென்ஸை வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைத்துவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அரிசித் தூசு வளையங்களுக்குள் இறங்கிவிடும் என்பதால் அது கூடாது. நீல நிற மணிகளாக வாங்கினால், அவை இளஞ்சிவப்பாக மாறும்போது ஈரத்தை முழுவதும் குடித்துவிட்டன என்று பொருள். அன்றே புதியவற்றைப் போட்டு மூடிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.