கொன்றது இயந்திரமல்ல, நம் அவசரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கையால் எழுதும் விளம்பரக் கலை நலிந்ததற்குக் காரணம் இயந்திரமா, நம் அவசரமா என்பது கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "1980-களில் வினைல் ஸ்டிக்கரில் எழுத்து வெட்டும் கருவி வந்தது, பிறகு ஃபிளெக்ஸ் அச்சு வந்தது, ஓவியர் பிரஷைக் கீழே வைத்தார்" என்றார். வந்தது உண்மை. 'நாளைக்கே போர்டு வேண்டும்' என்று அதற்கு வாசல் திறந்தது யார்? நாம்தான்.

ஒரு தகரப் பலகைக்கு என்னென்ன வேலை? உப்புத்தாள் தேய்த்துத் துரு எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு துடைத்து பிரைமர் அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட்டிங். நடுவில் ஓர் இரவாவது விட வேண்டும். அதற்கப்புறம்தான் நூல் பிடித்துக் கோடு, சாக்கட்டியில் அளவு, எழுத்து, கடைசியில் ஷேடு. எப்படியும் நான்கு நாள். இதை ஒரே நாளில் கேட்டால்? காயாத அடிக் கோட்டிங்கை மேல் கோட்டிங்கின் டர்பன்டைன் இளக்கிவிடும்; பெயின்ட் சுருக்கம் விழும். ஈரச் சுவரில் எழுதினால் உப்புப் பூத்து, செதில் செதிலாக உதிரும். பழி மட்டும் ஓவியருக்கு!

இன்னொன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். 'படம்' என்று எழுதுங்கள். மூன்று எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டால், 'ட'வின் வலது மேல்பக்கம் வெறுமையாக இருப்பதால் 'ம்' தனியே விலகி நிற்கும். கை தேர்ந்தவர் ஸ்கேல் வைக்க மாட்டார். கண்ணால் பார்த்து 'ம்'மை நெருக்கி வைப்பார். கணினியிலும் இதைச் செய்யலாம், பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைக்கூட யாரும் தருவதில்லை. போர்டின் அகலத்துக்கு எழுத்தை இழுத்து விடுகிறார்கள். நெடுங்கோடு தடித்துப்போகிறது, கிடைக்கோடு மெலிந்தே நிற்கிறது. இது இயந்திரத்தின் குற்றமா?

ஃபிளெக்ஸ் மலிவு என்றும் சொன்னார்கள். வெயிலில் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள் மைதான் முதலில் வெளுக்கும். அச்சிட்ட முகம் நீலம் பாரிக்கும். அதைக் கிழித்து எறிய வேண்டியதுதான். பெயின்ட் போர்டு மங்கினால் தேய்த்துவிட்டு அதன்மேலேயே எழுதலாம்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. கற்க வருபவருக்கு முதல் வேலை பின்னணி நிரப்புவது. பிறகு பார்டர், பிறகு நேர்க்கோடு. வளைவு கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அவசர ஆர்டரில் அந்த முதல் படியே போய்விட்டது. படி இல்லாமல் யார் ஏறுவார்?

லண்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் அச்சு இயந்திரத்துக்கா பஞ்சம்? ஆனாலும் அங்கே நாள் கொடுத்து, காத்திருந்து, கையால் எழுதி வாங்கும் கடைக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். இயந்திரம்தான் கொன்றது என்றால் அங்கே இந்தக் கலை எப்படி மூச்சு விடுகிறது? நடுவர் அவர்களே, எதிரணியிடம் இதற்கு விடை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.