தடை இருக்கிறது, பாக்கெட்டும் இருக்கிறது

(சென்னையில் குடியிருப்போரும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு பல் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சங்கத்தாருக்கும், வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகர்களுக்கும் வணக்கம்.

"சென்னையில் மெல்லும் புகையிலையைத் தடை செய்யக் கோரி" என்று நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது, பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தடையாகிப் பல வருடம் ஆகிறது. தெருமுனையில் கேட்டால் கிடைக்கிற சாமான் தடை செய்யப்பட்டது என்று யாருக்குத்தான் தோன்றும்? உங்கள்மேல் தப்பில்லை.

தமிழ்நாட்டில் முதல் தடை 2001-லேயே வந்தது. மாநில அதிகாரிக்கு அப்படித் தடை போட அதிகாரமில்லை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் 2006-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கக் கூடாது என்று 2011-ல் அதன் கீழ் விதி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2012-ல் மத்தியப் பிரதேசம் முதலில் குட்காவைத் தடை செய்தது. நாம் 2013 மே மாதம் செய்தோம். குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா, மாவா, மெல்லும் புகையிலை எல்லாம் அதில் அடக்கம். பாக்குத் தனியாக, புகையிலை தனியாக இரண்டு பாக்கெட்டில் கொடுத்து "நீயே கலந்துக்கோ" என்கிற தந்திரமும் பிறகு அதற்குள் வந்துவிட்டது.

இதில் ஓர் ஓட்டை உண்டு. அந்தச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு ஆணையர் போடும் தடைக்கு ஆயுள் அதிகபட்சம் ஒரு வருடம். ஆகவே வருடா வருடம் புதுப்பித்தார்கள். தற்காலிகமாகப் பயன்படுத்தக் கொடுத்த அதிகாரத்தை வைத்து இப்படி நீட்டிக்கொண்டே போக முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. தடையை ரத்து செய்த தீர்ப்புக்கு ஒரு தடை! பத்து வருடத்துக்கு மேலாக இருக்கும் ஒன்று இப்படி நூலில் தொங்கலாமா? சட்டசபையே தனிச் சட்டம் கொண்டுவந்து இதை நிரந்தரமாக்க வேண்டும் என்பது என் கருத்து. வக்கீல்கள் அதில் ஆயிரம் சிக்கல் சொல்வார்கள். சொல்லட்டும், தீர்ப்பதும் அவர்கள் வேலைதானே.

சட்டசபை என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 ஜூலையில், தடை அமலில் இருந்தபோதே, குட்கா தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பாக்கெட்டுகளை அவைக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். நடவடிக்கையோ, பாக்கெட்டைக் கொண்டுவந்தவர்கள்மேல்தான் பாய்ந்தது, அவையின் உரிமையை மீறிவிட்டார்கள் என்று. மறு வருடம், குட்கா விற்பனையைக் கண்டுகொள்ளாமல் இருக்க லஞ்சம் வாங்கினார்கள் என்ற புகாரை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அதற்கு மேல் அரசியல், நான் போகவில்லை.

சரி, எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். கை சுத்தமாக இருக்கிறவர்கள் மட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற மாதிரி திருப்பி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழையுங்கள். பெரும்பாலோருக்கு மூன்றும் போகும். இரண்டு போனால் சந்தேகம். ஒன்றுதான் போகிறது என்கிற ஆட்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், அதில் பாதிப்பேர் இளவட்டம்.

பாக்கு செய்கிற வேலை அது. கன்னத்தின் உட்புறச் சதை நார் நாராக இறுகிவிடுகிறது. உள்ளே விரல் விட்டுத் தடவினால் வார் இழுத்துக் கட்டியது போலத் தட்டுப்படும், நிறமும் வெளுத்துப்போயிருக்கும். முதல் அறிகுறி என்ன தெரியுமா? காரம் தாங்காது. ரசம் வாயில் பட்டாலே எரியும். உடனே பாக்கெட்டை விடுவார்களா? ரசத்தை விட்டுவிடுவார்கள், தயிர்ச்சாதத்துக்கு மாறிவிடுவார்கள்! அப்புறம் கொட்டாவி விடுவது சிரமமாகும், சாப்பாட்டு உருண்டை சின்னதாகும். இறுகியது பழைய நிலைக்கு முழுசாகத் திரும்புவதில்லை. புற்றுநோய்க்கும் அது வாசற்படி.

"நான் புகையிலை போடுவதில்லை டாக்டர், வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் பாக்கையே தனியாக, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. கல்யாண வீட்டில் ஒருநாள் தாம்பூலம் போடுகிறவரை நான் விரட்டவில்லை. நாள் முழுக்கக் கன்னத்தில் அதக்கி வைப்பவரிடம்தான் பேசுகிறேன்.

நாட்டில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்கள் இரண்டு மடங்கு. 2016-17 தேசிய ஆய்வில் வயது வந்தவர்களில் 10.7 சதவீதம் பேர் புகைத்தார்கள், 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலை போட்டார்கள். ஏன் போடுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சாரத்தில் நிற்கும் கட்டடத் தொழிலாளி "பசி தெரியாது சார்" என்பார். ராத்திரி லாரி ஓட்டுகிறவர் தூக்கம் வராது என்பார். சாக்கடை அள்ளுகிறவர் நாற்றம் தெரியாது என்பார். பீடியென்றால் இரண்டு கையும் ஓய வேண்டும், இதற்கு அது வேண்டாம். அவரைப் பார்த்து "சீ, துப்புகிறான்" என்று முகம் சுளிப்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம்.

பிள்ளைகள் கதை வேறு. கூல் லிப் மாதிரியான சின்னப் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் சொருகிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். புகையில்லை, மெல்லுவதும் இல்லை. வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று 2003-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. உங்கள் தெருப் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஒருநாள் நடந்து பாருங்கள்.

வணிகர்களே, பிடிபட்டால் கடைக்குச் சீல், அபராதம், வழக்கு எல்லாம் உங்களுக்குத்தான். மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். நாலு பாக்கெட் வைத்த பெட்டிக்கடைக்காரரைப் பிடித்துப் படம் எடுத்துப் போடுவதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய் குடோனைத் தொட வேண்டும். அதற்கு நீங்கள் வாய் திறக்க வேண்டும். இறக்க வருகிறவன் வண்டி எண்ணை உங்கள் சங்கத்திடம் சொல்லுங்கள், சங்கம் புகார் கொடுக்கட்டும். தனி ஆளாகப் போய் வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மெல்லுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். கை தூக்கச் சொல்லப் போவதில்லை. விட்ட முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், தலை வலிக்கும். நிகோட்டின் கேட்கிற கேள்வி அது, வாரங்கள் போகப் போகத் தணியும். நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது, டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் காசில்லாமல் வழி சொல்வார்கள், தமிழிலும் பேசலாம். வாயில் புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

வெளியே மேஜை போட்டு டார்ச்சோடு இரண்டு டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டார்கள். கேள்வி இருப்பவர்கள் மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வரிசையில் நில்லுங்கள்.