தெரு சொல்லிக்கொடுத்த சொல்

நடுவர் அவர்களே, ‘நட்பையும், நம்மைப் போல் இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளும் குணத்தையும் தெருவே கற்றுத்தரும், படக்கதைப் புத்தகம் எதற்கு?’ என்று எதிரணி நண்பர் கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, நானும் தெருவில் ஆடி வளர்ந்தவள்தான். அங்கிருந்தே ஒரு சொல்லை எடுத்து வந்திருக்கிறேன்: ஒப்புக்குச் சப்பாணி. சிரிக்கிறீர்களே, எல்லோரும் சொல்லி ஆடியதுதான். குட்டித் தம்பியையும் கால் சரியில்லாத பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்த மாதிரியும் சேர்க்காத மாதிரியும் வைத்துக்கொள்ள நம் தெரு கொடுத்த பட்டம். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை, ரன் எடுத்தாலும் கணக்கில்லை. ஊனத்தின் பெயரையே கேலியாக்கிக் கொடுத்த அந்தத் தெருவா பாடம் நடத்தும்?

நான் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பவள். போன மாதம் ஒரு படக்கதை. மைதானத்தில் கிரிக்கெட் நடக்கிறது, ஓரத்தில் வீல்சேரில் ஒரு பையன். எழுத்தில் அவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறான். நான் கவனிக்காமல் பக்கத்தைத் திருப்பப் போனால், முன்னால் இருந்த ஒருத்தி விரலை வைத்து அமுக்கிக்கொண்டாள். “மிஸ், இவன் ஏன் ஆடல?” “ஸ்கோர் எழுதட்டும்” என்றான் ஒருவன். “அம்பயரா நிக்கட்டும்.” “அவன் எப்படிடா நிப்பான்?” ஒரே சிரிப்பு. அப்புறம் அவளே, “உக்காந்தே பவுலிங் போடலாம்ல, கைதானே வேணும்” என்றாள். இருபது நிமிடம் அந்த ஒரே பக்கத்தில் போனது, கதையை முடிக்கவே இல்லை. தெருவில் ஆட்டத்தை நிறுத்தி இதைப் பேச முடியுமா? பேட்டிங்குக்குக் காத்திருப்பவன் விடுவானா?

புத்தகம் விலை அதிகம் என்றார்கள். நியாயம்தான். ஆனால் பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு பிரின்ட் எடுத்தால் வகுப்பே பார்க்கலாம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தில் ‘நீதி: எல்லோரிடமும் அன்பாக இரு’ என்று அச்சடித்த புத்தகங்களுக்காக நான் வாதாட வரவில்லை. அந்த வரி வந்ததும் பிள்ளைகள் கொட்டாவி விடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மீதிக் கதையை வாசிக்கலாமென்று அதே புத்தகத்தைத் திறந்தேன். வீல்சேர் பையன் கையில் யாரோ பென்சிலால் ஒரு பந்து வரைந்து வைத்திருந்தார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை. அமர்கிறேன், நன்றி.