வரிக் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். "எங்களுக்கு ஓர் ஆடிட்டர் இருக்கிறார்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலும் இரண்டு கேள்வி கேட்டால், அவர் ஆடிட்டர், அதாவது பட்டயக் கணக்காளர் அல்லர், ஆடிட்டர் அலுவலகத்தில் சில காலம் வேலை பார்த்தவர் என்பது தெரியவரும். அதில் தவறேதும் இல்லை. மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ, அதனுடன் வங்கி வட்டியோ மட்டும் உள்ள ஒருவர், அலுவலகம் தரும் டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்) சான்றிதழையும் வருமான வரித் துறையின் இணையதளத்தில் காணும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கட்டணமின்றித் தாமே ரிட்டன் என்னும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடலாம். தயக்கம் இருந்தால், அனுபவமுள்ள வரி ஆலோசகர் ஒருவரின் உதவியே போதும். ஆனால் அந்த உதவியாளர் எப்படிக் கட்டணம் வாங்குகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அஞ்சலில் வந்த நோட்டீஸுடன் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். உறையைப் பிரிக்கவே அவருக்குக் கை நடுங்கியது. ரிட்டனை எடுத்துப் பார்த்தபோது, அரசியல் கட்சிக்கு 1,50,000 ரூபாய் நன்கொடை அளித்ததாக அதில் கழிவு கோரப்பட்டிருந்தது. "நான் எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை ஐயா" என்றார். அந்தப் பொய்க் கழிவால் 31,200 ரூபாய் ரீஃபண்ட், அதாவது கட்டிய வரியில் திரும்பக் கிடைக்கும் தொகை, வந்திருந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 6,240 ரூபாயை, ரிட்டன் போட்டவர் கூலியாகப் பெற்றிருந்தார். அதைவிட வருத்தமான செய்தி, இணையதளத்தில் அம்மையாரின் கணக்கில் பதிவாகியிருந்த கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அந்த நபருடையவை. துறை அனுப்பிய குறுஞ்செய்திகள் ஒன்றுகூட இவர் கண்ணில் படவில்லை.

ரிட்டனில் உள்ள உறுதிமொழி வரி செலுத்துபவருடையது. யார் தட்டச்சு செய்திருந்தாலும் பொறுப்பு அவருடையதே. வருமானத்தைத் திரித்துக் காட்டினால், அதனால் குறைந்த வரியில் 200 சதவீதத்தை அபராதமாக விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. தவறை ஒப்புக்கொண்டு வரியை வட்டியோடு கட்டி முடிக்கும் வரை அந்த அம்மையாருக்குத் தூக்கமில்லை. ஆகவே மீண்டும் சொல்கிறேன்: ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுபவரிடம் உங்கள் பான் எண்ணைக் கொடுக்காதீர்கள். அப்படிப் பங்கு பேசுவது ஆடிட்டருக்கும் வழக்கறிஞருக்கும் அவரவர் தொழில் விதிகளின்படி ஒழுங்கீனம். கணக்கில் உங்கள் கைபேசி எண்ணே இருக்கட்டும், ஓ.டி.பி. வரும்போது எதற்காக என்று கேட்டறிந்த பிறகே சொல்லுங்கள்.

இனி, எப்போது ஆடிட்டரை நாட வேண்டும்? வீடோ நிலமோ விற்றிருந்தாலும், வெளிநாட்டில் வருமானமோ சொத்தோ இருந்தாலும், கூட்டாண்மைத் தொழில் நடத்தினாலும் அவரை நாடுவது நல்லது. வியாபார விற்றுமுதல் பொதுவாக ஒரு கோடியையும், ரொக்கப் பரிமாற்றம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் பத்துக் கோடியையும் தாண்டும்போது, வரித் தணிக்கை கட்டாயமாகிறது; அந்த அறிக்கையில் கையெழுத்திடத் தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்ற பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உரிமை உண்டு. அவர் தரும் சான்றில் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்கும். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டு, சான்று மெய்யானதா என்று எவரும் சரிபார்க்கலாம்.

வழக்கறிஞரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் இன்றியமையாததை மட்டும் சொல்கிறேன். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை ஆடிட்டரும் உங்களுக்காக வாதாடலாம். உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மட்டுமே வாதாட முடியும். வரித் துறையின் சோதனையோ குற்ற வழக்கோ வரும் என்று தோன்றினால், முதல் நாளே வழக்கறிஞரிடம் செல்லுங்கள். ஏனெனில், கட்சிக்காரர் அவரிடம் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, ஆடிட்டரிடம் சொல்வதற்குக் கிடையாது. நோட்டீஸ் எதுவாயினும், பதிலளிக்க வேண்டிய கடைசித் தேதியை முதலில் குறித்துக்கொண்டு புறப்படுங்கள். நன்றி, வணக்கம்.