அந்தச் சிரிப்பையும் காட்டத்தான் வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அரங்கில் அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கொடுங்கோலனைத் திரையில் காட்டும்போது அவனுடைய கவர்ச்சியையும் காட்டலாமா, கொடூரத்தை மட்டுமே காட்ட வேண்டுமா? இதுதான் இன்றைய தலைப்பு. உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனையும், 2006இல் வந்த 'தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து' படத்தில் அவனாக நடித்து ஆஸ்கர் வாங்கிய ஃபாரஸ்ட் விட்டேக்கரையும் முன்னால் வைத்துத்தான் இரண்டு அணியும் பேசுகிறோம். எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். "மூன்று லட்சம் பேர் செத்தார்கள் என்று சொல்லப்படும் ஆட்சி. அதை நடத்தியவனைப் பார்த்து அரங்கம் சிரிக்கிறது. செத்தவர்களின் பிள்ளைகள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு என்ன பதில்?" என்றார்கள்.

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளைகள் வாழ்கிற உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவிலேயே 2007 பிப்ரவரியில் இந்தப் படத்தைத் திரையிட்டார்கள். விட்டேக்கரும் அங்கே நேரில் போனார். ஆனால் அது மட்டும் பதிலாகிவிடாது. ஏன் சிரித்தோம் என்பதைச் சொன்னால்தான் பதில்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு காட்சி. அமீனின் கார் ஒரு மாட்டின் மேல் மோதிவிடுகிறது. மாடு சாகவும் முடியாமல் எழவும் முடியாமல் கதறுகிறது. அமீனின் கையில் அடி. அந்த வழியாக வந்த ஸ்காட்லாந்து மருத்துவர் ஒருவர் கட்டுப் போடுகிறார். மாட்டின் கதறல் தாங்காமல் பக்கத்தில் கிடந்த அமீனின் துப்பாக்கியையே எடுத்து அதைச் சுட்டுவிடுகிறார். காவலர்களின் துப்பாக்கிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்புகின்றன. அமீனின் முகம் இறுகுகிறது. அப்புறம் இவர் ஸ்காட்லாந்துக்காரர் என்று தெரிந்ததும் அந்த முகம் அப்படியே மலர்கிறது. சட்டையைக் கழற்றிக் கொடு, என் மேலுடையை நீ எடுத்துக்கொள் என்று சிறு பிள்ளை மாதிரி கேட்கிறான். நான் முதல்முறை பார்த்தபோது அந்த இடத்தில் சிரித்தேன். மனம் லேசாகிவிட்டது, "நல்ல மனுஷனாகத்தான் இருக்கிறான்" என்று தோன்றியது. படம் முடிந்து வெளியே வந்தபோது என்னை உறுத்தியது அந்தச் சிரிப்புதான். வேறு எந்த ரத்தக் காட்சியும் அப்படி உறுத்தவில்லை.

உகாண்டாவுக்கும் அப்படித்தானே நடந்தது? 1971 ஜனவரி 25ஆம் தேதி, அப்போதைய அதிபர் ஒபோட்டே காமன்வெல்த் மாநாட்டுக்காக சிங்கப்பூர் போயிருந்த நேரத்தில் அமீன் ஆட்சியைப் பிடித்தான். கம்பாலா தெருக்களில் மக்கள் ஆடிப்பாடினார்கள். பிரிட்டன் சில நாட்களிலேயே அவனை அங்கீகரித்தது. அதே ஜூலையில் லண்டனுக்குப் போய் ராணியோடு விருந்து சாப்பிட்டான். அவன் ஒன்றும் காட்டிலிருந்து திடீரென்று வெளியே வந்தவனில்லை. 1946இல் பிரிட்டிஷ்காரர்களின் கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படையில் சேர்ந்து, அவர்களே பயிற்சி கொடுத்து, பதவி உயர்வு கொடுத்து வளர்த்த ஆள். குத்துச்சண்டையில் உகாண்டாவின் சாம்பியன். பிற்பாடு தனக்குத்தானே 'பிரிட்டிஷ் பேரரசை வென்றவன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டபோது உலகப் பத்திரிகைகள் அதைத் துணுக்குச் செய்தியாகப் போட்டுச் சிரித்தன. அந்தத் துணுக்குகள் அச்சாவதற்கு முன்பே அச்சோலி, லாங்கோ இனச் சிப்பாய்கள் முகாம்களிலேயே கொல்லப்பட்டிருந்தார்கள். 1972 செப்டம்பரில் தலைமை நீதிபதி பென் கிவானுகாவை நீதிமன்றத்திலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

எதிரணி கேட்பது போல இந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு மிருகம் இருக்கும். அப்படியும் ஒரு படம் வந்திருக்கிறது. 1981இல் வந்த 'ரைஸ் அண்ட் ஃபால் ஆஃப் இடி அமீன்'. ஜோசப் ஒலிட்டா என்ற நடிகர் உருவத்தில் அச்சு அசல் அமீன். குளிர்பெட்டிக்குள் தலை, மனித மாமிசம் என்று நிரூபிக்கப்படாத வதந்தியையும் சேர்த்து அத்தனையும் காட்டினார்கள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? 'ஆப்பிரிக்கா என்றால் அப்படித்தான்' என்று நினைப்பான். நினைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவான். மிருகத்துக்குப் பயிற்சி கொடுத்தது யார், விருந்து கொடுத்தது யார் என்று எவரும் கேட்கப் போவதில்லை. நடுவர் அவர்களே, கொடூரத்தை மட்டும் காட்டினால் கொலைகாரனுக்குக் கைகொடுத்த எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள்.

பசுத்தோல் போர்த்திய புலி என்று ஒரு நண்பர் சொன்னார். அமீனுக்கு அது பொருந்தாது. அவனுடைய சிரிப்பு போர்வை இல்லை, அதுவும் அவன் தோல்தான். விட்டேக்கர் இதைப் பிடித்துக்கொண்டார் என்பதுதான் அவர் நடிப்பின் பெருமை. அவர் ஸ்வாஹிலி கற்றார். அக்கார்டியன் வாசிக்கக் கற்றார், அமீன் அதை வாசிப்பான் என்பதற்காக. உகாண்டாவில் அமீனை அறிந்தவர்களையும் அவன் உறவினர்களையும் சந்தித்துப் பேசினார். இத்தனையும் செய்தது வெறும் பாவனை காட்டவா? இல்லை. ஆசிய வம்சாவளியினரை 90 நாட்களில் வெளியேறச் சொல்லி 1972 ஆகஸ்டில் உத்தரவு போட்ட கதை படத்திலும் வருகிறது. அது தவறு என்று பிறகு உணரும் அமீன் மருத்துவரிடம் கோபித்துக்கொள்கிறான், நீ ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று. சொன்னேனே என்கிறார் அவர். சொன்னாய், ஆனால் என் மனதில் படும்படி சொல்லவில்லையே என்கிறான். அந்த இடத்தில் விட்டேக்கரின் குரலில் உண்மையான வருத்தம் இருக்கிறது. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. செய்த பாவத்தைப் பக்கத்தில் இருப்பவன் தலையில் கட்டும்போதுகூட அவன் மனதாரத்தான் பேசுகிறான்! கத்திக்கொண்டு வில்லன் வேஷம் கட்டுகிற நடிகரால் இதைக் காட்டவே முடியாது.

சரி, வன்முறைக்கு வருகிறேன். இங்கே நான் இந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. கடைசிப் பகுதியில், எண்டெபே விமான நிலையத்தில், அந்த மருத்துவரின் மார்பில் கொக்கிகளை மாட்டித் தொங்கவிடுகிறார்கள். அந்த மருத்துவர் கற்பனைப் பாத்திரம். அப்படி ஒரு மனிதர் இருந்ததே இல்லை. படத்திலேயே நீண்டு, நெருங்கிக் காட்டப்படும் வலி, இருந்ததே இல்லாத அந்த வெள்ளைக்காரரின் வலிதான். உண்மையில் செத்த உகாண்டாக்காரர்கள் பெரும்பாலும் கையில் கொடுக்கப்படும் புகைப்படங்களில் கிடக்கிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் கே என்ற பெண்ணைப் பற்றியது. அமீனின் மனைவியரில் ஒருவர், உண்மையில் வாழ்ந்த பெண். 1974 ஆகஸ்டில் அவர் உடல் துண்டுகளாகக் கண்டெடுக்கப்பட்டது. எப்படி இறந்தார் என்பது இன்றுவரை சர்ச்சை. படமோ அவரைக் கற்பனை மருத்துவருக்குக் காதலியாக்கி, அமீன் பழிவாங்கியதாகக் காட்டி, கை கால்கள் மாற்றித் தைக்கப்பட்ட உடலாக மேசைமேல் கிடத்துகிறது. அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எதிரணி அம்மா கேட்ட கேள்வியை நான் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் கேட்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் படம் சறுக்கிய இரண்டு இடமும் கவர்ச்சியைக் காட்டிய இடமில்லை. ரத்தத்தைக் காட்டிய இடம். அமீனின் சிரிப்பை விட்டேக்கர் தேடித்தேடிக் கற்றார். கொடூரத்தைப் படம் இட்டுக்கட்டியது. 'கொடூரத்தை மட்டும் காட்டுங்கள்' என்றால் இந்த இட்டுக்கட்டுதான் பெருகும்.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. பார்பெட் ஷ்ரோடர் என்ற இயக்குநர் 1974இல் அமீனையே வைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தார். அமீன் முழு ஒத்துழைப்புக் கொடுத்தான். அக்கார்டியன் வாசித்தான், சிரித்தான். உகாண்டாவுக்கென்று ஒரு மணி நேரப் பதிப்பு ஒன்று போனது, அதனால் பிரச்சினை இல்லை. வெளிநாடுகளில் ஓடியது ஒன்றரை மணி நேரப் பதிப்பு. லண்டனில் தன் ஆட்களை அரங்கத்துக்கு அனுப்பி அதை வரிக்கு வரி எழுதி வரச் சொன்னான். படித்துவிட்டு, வெட்டு என்றான். ஷ்ரோடர் மறுத்தார். உகாண்டாவில் இருந்த ஏறக்குறைய 200 பிரெஞ்சுக்காரர்களை ஒரு ஓட்டலில் அடைத்து, சுற்றிலும் ராணுவத்தை நிறுத்தி, ஷ்ரோடரின் வீட்டுத் தொலைபேசி எண்ணை அவர்கள் கையில் கொடுத்தான். இரண்டரை நிமிடக் காட்சிகள் போயின. அவன் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் அவை திரும்பப் படத்தில் சேர்ந்தன.

அவன் எதற்குப் பயந்தான்? தன் கவர்ச்சிக்கா? அதைத்தானே விரும்பிக் காட்டினான். தன் கொடூரத்துக்கா? அந்தப் பயம்தான் அவன் நாற்காலியைத் தாங்கியது. சிரிப்பையும் பிணத்தையும் ஒரே சட்டத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்குத்தான் பயந்தான் என்பது என் வாதம். எங்கள் அணி கேட்பதும் அதைத்தான், பிணத்தை மறைக்கச் சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டது, ஒரே நிமிடம். அந்த ஆவணப்படத்தில் ஓர் அமைச்சரவைக் கூட்டம் வருகிறது. அமீன் பேசுகிறான், சுற்றிலும் அமைச்சர்கள். வெளியுறவு அமைச்சரின் வேலை சரியில்லை என்று குறை சொல்கிறான். யாரும் யாரையும் தொடவில்லை, அவன் குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த அமைச்சர் மைக்கேல் ஒண்டோகா. கொஞ்ச நாளில் அவர் உடல் நைல் நதியில் கிடைத்தது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும் முன் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.