கிட்ஹப் திறப்பை ஏஐயிட்ட குடுக்க முதல் இதைப் பாருங்கோ | விளக்க வீடியோ

[கருப்புத் திரை. ஒரு இஷ்யூ எழுத்து எழுத்தாகத் தட்டச்சாகுது]

உங்கட கடவுச்சொல் ஒருத்தருக்கும் தெரியாது. லப்டொப்பையும் ஒருத்தரும் தொடேல்லை. வைரஸ் இல்லை. ஆனாலும் உங்கட பிரைவேட் ரெப்போவுக்குள்ள, அதாவது கிட்ஹப் எண்ட தளத்தில மற்றவை பாக்கேலாமல் நீங்கள் கோட் வைக்கிற இடத்துக்குள்ள, கிடந்த விசயம் ஊர் உலகம் பாக்கிற இடத்தில வந்து நிக்குது. அதைக் கொண்டுவந்து வைச்சது, நீங்களே கிட்ஹப்போட இணைச்சு விட்ட ஏஐ உதவியாளர்.

2025 மே மாதம் இன்வேரியன்ட் லாப்ஸ் எண்ட பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டிச்சினம். ஒரு பப்ளிக் ரெப்போவில ஒரு இஷ்யூ, அதாவது பிழை, குறை சொல்லுற பதிவு, திறந்தினம். ரெப்போவின்ர சொந்தக்காரரைப் பற்றி ரீட்மீ எண்ட அறிமுக ஃபைலில விவரம் காணாது, அவற்ற மற்ற ரெப்போக்களையும் வாசிச்சுச் சேர்க்கவேணும் எண்ட கருத்தில நாலு வரி. சொந்தக்காரர் தன்ர உதவியாளரிட்ட, "இஷ்யூக்களை ஒருக்காப் பார்" எண்டு மட்டும் சொல்லுறார். அது இஷ்யூவை வாசிக்குது, அதில இருக்கிறதைக் கட்டளையா எடுக்குது, பிரைவேட் ரெப்போவுக்குள்ள போகுது, எடுத்ததைப் பப்ளிக் ரெப்போவில ஒரு புல் ரிக்வெஸ்டா, அதாவது "இந்த மாற்றத்தைச் சேருங்கோ" எண்ட விண்ணப்பமா, போட்டுவிடுது. கிட்ஹப்பின்ர இணைப்புச் சேர்வரில கோட் பிழை ஒண்டும் இல்லை. குடுத்த அனுமதி அவ்வளவு அகலம்.

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருந்து கோட் எழுதுற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இந்த வீடியோ. அறிவியல்நகரில பொறியியல் படிக்கிறவை, வவுனியாப் பல்கலைக்கழகத்தில படிக்கிறவை, வீட்டில இருந்து வெளிநாட்டு வேலை செய்யிறவை, எல்லாரும் கடைசிவரை பாருங்கோ.

[திரையில்: 2005 – 2008 – 2024]

பின்னணி வேகமா. கிட், கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி, 2005இல லினஸ் டோர்வால்ட்ஸ் செய்தது. கிட்ஹப் 2008இல வந்தது. ஏஐ உதவியாளர் வெளி இடங்களோட கதைக்கிறதுக்கு ஒரு பொது ஒழுங்கு, எம்சிபி எண்டு சொல்லுறது, 2024 நவம்பரில அந்த்ரோபிக் வெளியிட்டது. கிட்ஹப்பே தனக்கெண்டு ஒரு எம்சிபி சேர்வர் வைச்சிருக்கு. உதவியாளர் அதால ரெப்போவை வாசிக்கும், இஷ்யூ திறக்கும், பிராஞ்ச், அதாவது கோட்டின்ர தனிக் கிளை, போடும், புல் ரிக்வெஸ்ட் அனுப்பும். கிட்லாப்பிலயும் இதே கதைதான், அங்க புல் ரிக்வெஸ்டுக்கு மேர்ஜ் ரிக்வெஸ்ட் எண்டு பேர். போதும்.

இப்ப முக்கியமான இடம். டோக்கன். உதவியாளர் உங்கட பேரில கிட்ஹப்புக்குள்ள போறதுக்கு நீங்கள் குடுக்கிற திறப்பு அது. அதைக் குளத்தை வைச்சு விளங்கப்படுத்துறன்.

[படம்: இரணைமடுக் குளம், அணைக்கட்டில இருந்து]

சிறுபோகம் துவங்க முதல் கூட்டம் வைக்கிறதை எல்லாரும் கண்டிருப்பியள். குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது, அதுக்கு எத்தினை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்குத் தண்ணி, எண்டைக்குத் திறக்கிறது, எண்டைக்கு மறிக்கிறது, எல்லாம் அங்க தீர்மானம். இடதுகரை வாய்க்கால் வேற, வலதுகரை வாய்க்கால் வேற. துருசை, அதாவது வாய்க்காலுக்குத் தண்ணி விடுற மதகை, திறந்தால் தண்ணி அந்த வாய்க்காலுக்கு மட்டும் போகும். பத்து ஏக்கர் வயலுக்குத் தண்ணி வேணும் எண்டு ஒருத்தரும் வான்கதவைத் தூக்கிறேல்லை. வான்கதவு மாரி வெள்ளத்துக்கு. அதைத் தூக்கினால் வயல், றோட்டு, வீடு எண்டு பாக்காது.

கிட்ஹப்பில ரெண்டு விதமான டோக்கன் இருக்கு. பழசு, கிளாசிக். அதில "ரெப்போ" எண்ட பெட்டியில ஒரு சரி போட்டால், நீங்கள் தொடக்கூடிய எல்லா ரெப்போவும் திறந்திடும். பிரைவேட், வேலை செய்யிற நிறுவனத்தின்ரது, கூட்டாளி சேர்த்து விட்டது, எல்லாம். வாசிக்கவும் எழுதவும் சேர்த்து. அதுதான் வான்கதவு. புதுசு, ஃபைன்-கிரெயின்ட். அது துருசு. எந்த வாய்க்கால், எவ்வளவு, எண்டைக்கு மறிக்கிறது, மூண்டையும் நீங்களே வைக்கலாம்.

உங்களிட்ட இப்ப இருக்கிறது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? முதல் எழுத்துகளே காட்டிக்குடுக்கும். "ஜிஎச்பி" எண்டு துவங்கி அடிக்கோடு வந்தால் கிளாசிக். "கிட்ஹப்" அடிக்கோடு "பிஏடி" எண்டு துவங்கினால் ஃபைன்-கிரெயின்ட். இப்பவே வீடியோவை நிப்பாட்டிப் போட்டுப் போய்ப் பாருங்கோ.

[திரைப்பதிவு]

செய்வம். கிட்ஹப்பில உங்கட புரொஃபைல் படத்தை அழுத்தி செட்டிங்ஸ். இடப்பக்கம் அடியில டெவலப்பர் செட்டிங்ஸ். பேர்சனல் அக்சஸ் டோக்கன்ஸ். ஃபைன்-கிரெயின்ட். புது டோக்கன். பேர் வைக்கேக்க "டெஸ்ட்1" எண்டு வைக்காதேங்கோ. மூண்டு மாசம் கழிச்சு எது எதுக்கெண்டு தெரியாமல் நிப்பியள். "நெல்கணக்கு, கேர்சர், வீட்டு லப்டொப்" எண்டு, எந்தச் செயலி, எந்த எடிட்டர், எந்தக் கொம்பியூட்டர் எண்டு தெரிய வைச்சால் அழிக்கேக்க கை நடுங்காது.

முடியிற திகதி 30 நாள். கூடினால் ஒரு 90. "முடிவில்லை" எண்ட ஒப்ஷன் இருந்தாலும் தொடாதேங்கோ. சிறுபோகத்துக்குத் திறந்த துருசை மாரிக்கும் திறந்து விடுறேல்லைத்தானே.

ரெப்போ அனுமதியில "தெரிவு செய்த ரெப்போக்கள் மட்டும்". ஒரு ரெப்போவைத் தெரிவு செய்யுங்கோ. ஒண்டே ஒண்டு.

அனுமதிப் பட்டியல் நீளம், பயப்படாதேங்கோ. தேவையானது நாலு. மெட்டாடேட்டா, அது தானாகவே வரும். கொன்டென்ட்ஸ், அதாவது ரெப்போவுக்குள்ள இருக்கிற ஃபைலுகள், முதல் கிழமைக்கு வாசிக்க மட்டும். இஷ்யூஸ், வாசிக்கவும் எழுதவும். புல் ரிக்வெஸ்ட்ஸ், அதுவும் வாசிக்கவும் எழுதவும். உதவியாளர் பிராஞ்ச் போட்டுக் கோட் கொமிட் பண்ணவேணும், அதாவது மாற்றத்தைப் பதியவேணும், எண்ட நிலை வந்தால் மட்டும் கொன்டென்ட்ஸை எழுத விடுங்கோ. குடுக்கவே கூடாதது மூண்டு: அட்மினிஸ்ட்ரேஷன், சீக்ரெட்ஸ், வேர்க்ஃபுளோஸ். கடைசியைக் கனபேர் சும்மா எண்டு நினைச்சுக் குடுக்கினம். வேர்க்ஃபுளோ ஃபைல் கிட்ஹப்பின்ர கொம்பியூட்டரில தானாக ஓடுற கோட், உங்கட சீக்ரெட்டுகளையும், அதாவது ரெப்போவில ஒளிச்சு வைச்ச கடவுச்சொல், திறப்புகளையும், அதால தொட ஏலும். அதை மாத்த விட்டால் துருசுத் திறப்போட வான்கதவுத் திறப்பையும் ஒரே வளையத்தில கட்டிக் குடுத்த மாதிரி.

டோக்கன் ஒருக்கால்தான் திரையில தெரியும். பக்கத்தை மூடினால் பேந்து பாக்கேலாது, புதுசுதான் எடுக்கவேணும்.

இப்ப அந்த மே மாத விசயத்தை இந்த டோக்கனோட யோசிச்சுப் பாருங்கோ. அதே இஷ்யூ, அதே நாலு வரி. உதவியாளர் ஏமாந்து மற்ற ரெப்போக்களைத் தேடிப் போகுது. பிரைவேட் ரெப்போ ஒண்டும் அதுக்குத் தெரியவே தெரியாது. மென்பொருளாளர் சைமன் வில்லிசன் 2025 ஜூனில எச்சரிச்சதும் இதைத்தான்: மறைவான தரவு, வெளியாள் எழுதின எழுத்து, வெளியில அனுப்பக்கூடிய வழி, இந்த மூண்டும் ஒரே உதவியாளரின்ர கையில சேரக்கூடாது. அதால பப்ளிக் ரெப்போவுக்கு ஒரு டோக்கன், பிரைவேட் ரெப்போவுக்கு இன்னொண்டு, ரெண்டையும் ஒரே உரையாடலில இணைக்கிறேல்லை.

[திரையில்: இணைக்கிறது]

இணைக்கிற வேலை சின்னது. ரெண்டு வழி. ஒண்டு, டொக்கர் எண்ட, செயலிகளைத் தனிப் பெட்டி மாதிரி ஓட்டுற மென்பொருளைப் போட்டு உங்கட லப்டொப்பிலயே சேர்வரை ஓட விடுறது. 4 ஜிபி ராம் உள்ள லப்டொப்பில டொக்கர் திணறும், அதை இறக்கிறதுக்கே டேட்டா கனக்க வேணும். என்ர ஆலோசனை ரெண்டாவது: கிட்ஹப் தானே நடத்திற சேர்வர். முகவரி, ஏபிஐ டொட் கிட்ஹப்கோபைலட் டொட் கொம், சாய்கோடு, எம்சிபி. அதுக்குப் பின்னால இன்னொரு சாய்கோடு போட்டு "ரீட்ஒன்லி" எண்டு சேர்த்தால் எழுதுற கருவி ஒண்டும் உதவியாளருக்கு வராது. புதுசாத் துவங்கிறவை அதோட துவங்குங்கோ.

விஎஸ் கோட் எண்ட எடிட்டரில பிரவுசரால உள்நுழைஞ்சு இணைக்கிற சுகமான முறையும் இருக்கு. ஆனா அது பொதுவா அகலமான அனுமதி கேக்கும், ஒரு ரெப்போ மட்டும் எண்டு சுருக்கேலாது. நான் டோக்கன் முறையைத்தான் சொல்லுவன்.

கனபேர் மாட்டுப்படுற இடம் இது. விஎஸ் கோடில எம்சிபி டொட் ஜேசன் ஃபைலுக்குள்ள மேல் சொல் "சேர்வர்ஸ்". கேர்சர் எண்ட எடிட்டரிலயும் கிளோட் டெஸ்க்டொப் எண்ட ஏஐ செயலியிலயும் அதே இடத்தில "எம்சிபிசேர்வர்ஸ்". ஒண்டில இருந்து மற்றதுக்கு அப்பிடியே கொப்பி பண்ணினால் சேர்வர் ஏறாது, ஏன் ஏறேல்லை எண்டும் லேசில விளங்காது. அடுத்தது, விஎஸ் கோட் அந்த ஃபைலை ப்ரொஜெக்ட் ஃபோல்டருக்குள்ள வைக்கும். டோக்கனை நேர எழுதினால் அடுத்த கொமிட்டோட அதுவும் கிட்ஹப்புக்குப் போயிடும். "இன்புட்ஸ்" எண்ட பகுதியால டோக்கனைக் கேட்டு வாங்க விடுங்கோ. திரையில இருக்கிறதை அப்பிடியே எழுதுங்கோ. டோக்கனுக்கு முன்னால வாற "பேரர்" எண்ட சொல்லுக்கும் டோக்கனுக்கும் நடுவில ஒரு இடைவெளி கட்டாயம்.

[திரையில் பெரிசா: 401, 403, 404]

எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி, கிட்ஹப் திருப்பி அனுப்புற பிழை இலக்கங்கள். 401 வந்தால் திறப்பே பிழை: திகதி முடிஞ்சிருக்கும், கொப்பி பண்ணேக்க ஒரு எழுத்து விடுபட்டிருக்கும், இல்லாட்டி அந்த இடைவெளி இல்லை. 403 வந்தால் பெரும்பாலும் திறப்புச் சரி, அனுமதி காணாது. இஷ்யூ எழுதச் சொல்லிப்போட்டு இஷ்யூஸுக்கு வாசிக்க மட்டும் குடுத்திருப்பியள். மணித்தியாலத்துக்கு 5000 அழைப்பு எண்ட எல்லை முடிஞ்சாலும் 403 வரலாம்.

404தான் வடிவானது. "அப்பிடி ஒரு ரெப்போ இல்லை" எண்டு சொல்லும். நீங்கள் பிரவுசரில பாத்தால் ரெப்போ கண்ணுக்கு முன்னால இருக்கும்! கனபேர் பேரைத் திருப்பித் திருப்பி அடிச்சு ஒரு பின்னேரத்தையே துலைக்கினம். பேரில பிழை இல்லை. அனுமதி இல்லாத பிரைவேட் ரெப்போவுக்கு கிட்ஹப் வேணுமெண்டே 404 சொல்லுது. 403 சொன்னால் "ஓ, அப்பிடி ஒண்டு இருக்கு" எண்டு வெளியாளுக்குத் தெரிஞ்சிடும். எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்கினம் பாருங்கோ. ஆக, 404 கண்டால் டோக்கனின்ர ரெப்போப் பட்டியலைப் பாருங்கோ. நிறுவனத்தின்ர ரெப்போ எண்டால் இன்னொரு காரணமும் இருக்கு: நிறுவனம் டோக்கனை அங்கீகரிக்கும் வரைக்கும் அது "பென்டிங்", பிரைவேட் ஒண்டும் தெரியாது.

[திரையில்: மெயின் பிராஞ்ச்]

உதவியாளர் எழுதின கோட் நேர மெயின் எண்ட முக்கிய பிராஞ்சுக்குள்ள போகக்கூடாது. ரெப்போ செட்டிங்ஸில பிராஞ்ச் பாதுகாப்பைப் போட்டு, புல் ரிக்வெஸ்ட் இல்லாமல் மேர்ஜ் இல்லை எண்டு வையுங்கோ. இலவசக் கணக்கில இது பப்ளிக் ரெப்போவுக்கு மட்டும்தான். பிரைவேட்டுக்கு புரோ கணக்கு வேணும். மாணவர் எண்டு உறுதிப்படுத்தினால் கிட்ஹப் எடுகேஷனால அது இலவசம், பல்கலைக்கழகப் பிள்ளையள் கட்டாயம் விண்ணப்பியுங்கோ.

உதவியாளர் ஒவ்வொரு வேலைக்கும் அனுமதி கேக்கேக்க "எப்பவும் அனுமதி" எண்ட பட்டனை வாசிக்கிற கருவிக்குக் குடுத்தால் பரவாயில்லை. எழுதிற கருவிக்கு ஒவ்வொரு முறையும் வாசிச்சுப் பாத்து அழுத்துங்கோ. வைச்சுக்கொள்ளுங்கோ, நெல்லுக் கொள்வனவுக் கணக்குச் செயலி ஒண்டு. "கிலோவும் மூட்டையும் குழம்புது" எண்டு இஷ்யூ. உதவியாளர் ஒரு மூட்டைக்கு ஒரு நிறையைத் தானே ஊகிச்சு வடிவாக் கோட் எழுதித் தரும். டெஸ்டும் பாஸ் ஆகும், ஏனெண்டால் டெஸ்டையும் அதே ஊகத்திலதான் எழுதியிருக்கும். அந்த ஆலையில மூட்டை எத்தினை கிலோ எண்டு தெரிஞ்ச மனுசர்தான் அதைப் பிடிப்பார்.

தமிழில ஃபைல் பேர் வைக்கிறவைக்கு ஒரு சின்ன விசயம். கிட் ஸ்டேட்டஸ் எண்ட கட்டளையில பேர் வராமல் சாய்கோடும் 340, 256 எண்ட இலக்கங்களும் வந்தால் ஃபைல் பழுதில்லை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொண்டும் யூடிஎஃப்-8இல 3 பைட், கிட் அதை எண்ணாக் காட்டுது. "கோர் டொட் கோட்பாத்" எண்ட அமைப்பை ஃபோல்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாவே தெரியும்.

[திரையில் சிவப்பு: டோக்கன் வெளியில போனால்]

டோக்கன் தவறி கொமிட்டில போயிட்டுது எண்டால் ஃபைலைத் திருத்தி இன்னொரு கொமிட் போட்டுக் காணாது, பழைய கொமிட்டில அது அப்பிடியே கிடக்கும். முதல் வேலை, டோக்கன் பக்கத்துக்குப் போய் அதை ரிவோக் பண்ணுறது, அதாவது ரத்துச் செய்யிறது. வரலாற்றைத் துப்புரவாக்கிறது பேந்து. பப்ளிக் ரெப்போவில போனால் கிட்ஹப் தானே கண்டுபிடிச்சு தன்ர டோக்கனை ரத்துச் செய்யும். பிரைவேட்டில அப்பிடி நடக்கும் எண்டு நம்பி இருக்காதேங்கோ.

உங்களுக்கு 401 வந்துதா, 403 வந்துதா, 404 வந்துதா எண்டு கமெண்டில எழுதுங்கோ. எந்த எடிட்டர், எந்த அனுமதி குடுத்தனியள் எண்டதையும் சேர்த்து எழுதினால் ஒவ்வொண்டுக்கும் பதில் தாறன். ஸ்கிரீன்ஷொட் போடுறவை, டோக்கன் தெரியிற இடத்தை மறைச்சுப் போட்டுப் போடுங்கோ.