10,000 மார்க் கேட்ட வழக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நான் சிவில் வக்கீல். எந்த வழக்கு மனுவைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் தொகைக்குத்தான் போகும். யார் யாரை என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்தாலே, எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பது பாதி புரிந்துவிடும்.

இன்று பேச எடுத்துக்கொண்ட மனு 1951 நவம்பரில் பிராங்க்பர்ட் நகர நீதிமன்றத்தில் தாக்கலானது. வாதி நோர்பெர்ட் வோல்ஹைம், பெர்லினில் வளர்ந்த யூதர். பிரதிவாதி ஐ.ஜி. ஃபார்பன், ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரிய ரசாயன நிறுவனம். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமில் அந்த நிறுவனத்துக்காக ஏறக்குறைய இரண்டு வருடம் அடிமை வேலை செய்ததற்காக வோல்ஹைம் கேட்ட தொகை 10,000 ஜெர்மன் மார்க்.

நாஜி காலத்து வழக்கு என்றதும், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பெர்க் பற்றித்தான் பேசுவேன் என்று சிலர் வந்திருப்பீர்கள். நூரெம்பெர்க் வரும், ஆனால் கொஞ்சம்தான். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீட்டுக்காக நடத்திய சட்டப் போராட்டத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தச் சாதாரண சிவில் வழக்கு.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1938 நவம்பரில் ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் அடித்து நொறுக்கிய பிறகு, யூதக் குழந்தைகளை மட்டுமாவது காப்பாற்றலாம் என்று ரயிலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பெர்லினிலிருந்து அந்தப் பயணங்களை ஏற்பாடு செய்தவர்களில் வோல்ஹைம் ஒருவர். அப்போது அவருக்கு வயது 25. சில தடவை குழந்தைகளோடு தானே போயிருக்கிறார். கூடப் போகிற பெரியவர் அங்கேயே தங்கிவிட்டால் அடுத்த ரயில் கிளம்பாது. அதனால் குழந்தைகளை விட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் பெர்லினுக்கே திரும்பி வந்தார்.

1943 மார்ச்சில் அவரையும் மனைவியையும் மூன்று வயது மகனையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். போய் இறங்கியதுமே மனைவியையும் மகனையும் பிரித்துக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வோல்ஹைம் போய்ச் சேர்ந்த இடம் மோனோவிட்ஸ்.

இந்த மோனோவிட்ஸைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் வழக்கு புரியும். ஆஷ்விட்ஸ் என்றதும் நம் கண்முன் வருவது விஷவாயு அறைகள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஐ.ஜி. ஃபார்பன் செயற்கை ரப்பர் தயாரிக்க ஒரு பெரிய தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டுமானத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தனி முகாம் போட்டார்கள். முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை கைதிகளை அனுப்பும். நிறுவனம் தலைக்கு இவ்வளவு என்று எஸ்.எஸ்.ஸுக்குப் பணம் கட்டும். சாதாரண வேலையாளுக்கு நாளைக்கு 3 மார்க், தொழில் தெரிந்தவருக்கு 4 மார்க். கைதியின் கைக்கு ஒன்றும் வராது. சிமெண்ட் மூட்டையை ஓட்டமும் நடையுமாகத் தூக்கிப் பலவீனமானவர்களை முகாமுக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கிருந்து விஷவாயு அறைக்கு. அந்த இடத்துக்குப் புதிய ஆள் வருவார். இப்படிச் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். வோல்ஹைம் பெர்லினில் கட்டாய வேலையில் இருந்தபோது வெல்டிங் கற்றிருந்தார். அவர் பிழைத்ததற்கு அந்தத் தொழிலும் ஒரு காரணம்.

சரி, போர் முடிந்தது. ஐ.ஜி. ஃபார்பன் நிர்வாகிகள் 23 பேரை நூரெம்பெர்க்கில் அமெரிக்க ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. வோல்ஹைம் அங்கே போய்ச் சாட்சி சொன்னார். 1948-ல் வந்த தீர்ப்பில் 13 பேருக்குத் தண்டனை, அதிகபட்சம் 8 வருடம். அதையும் முழுசாக யாரும் அனுபவிக்கவில்லை. 7 வருடத் தண்டனை பெற்ற ஃபிரிட்ஸ் டெர் மேர் 1950-லேயே வெளியே வந்தார். 1956-ல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவும் ஆனார். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் பெயர் இருக்கிற அதே பேயர்தான்.

1950-களின் தொடக்கத்தில் ஐ.ஜி. ஃபார்பனைப் பிரித்து பேயர், பி.ஏ.எஸ்.எஃப்., ஹெக்ஸ்ட் முதலிய நிறுவனங்களாக ஆக்கினார்கள். பழைய நிறுவனம் கலைப்பு நிலைக்குப் போனது. ஒரு கம்பெனியைக் கலைக்கும்போது என்ன செய்வார்கள் என்று இங்கே இருக்கிற வக்கீல் நண்பர்களுக்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கெடுப்பார்கள். சரக்கு கொடுத்தவர், கடன் கொடுத்தவர், பங்கு வாங்கியவர் எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள். வோல்ஹைம் அந்த வரிசையில் போய் நின்றார். நானும் உனக்கு வேலை செய்தேன், எனக்கும் பாக்கி இருக்கிறது என்றார். வழக்கின் சாரம் இவ்வளவுதான்.

அவருடைய வக்கீல் ஹென்றி ஆர்மண்ட். இவர் கதையும் சுவாரசியமானது. ஜெர்மனியில் நீதிபதியாக இருந்தவர். யூதர் என்பதால் 1933-ல் பதவியை விட்டு அனுப்பப்பட்டார். தாக்காவ் முகாமில் அடைபட்டு, வெளியே வந்து, பிரிட்டனுக்குத் தப்பினார். போருக்குப் பின் பிரிட்டிஷ் சீருடையில் திரும்பி வந்து பத்திரிகைத் துறை அதிகாரியாக இருந்தார். ‘டெர் ஸ்பீகல்’ வார இதழ் பிறக்கக் காரணமான மூன்று பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒருவர். அப்புறம் பிராங்க்பர்ட்டில் வக்கீல் தொழில்.

ஆர்மண்டின் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும். மனித குலத்துக்கு எதிரான குற்றம் போன்ற பெரிய வார்த்தைகளை நம்பி அவர் இந்த வழக்கை நடத்தவில்லை. ஜெர்மனியின் சிவில் சட்டத் தொகுப்பு 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ ஒருவரின் உயிருக்கும் உடலுக்கும் சுதந்திரத்துக்கும் தீங்கு செய்தவர் அதை ஈடுகட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. ஹிட்லர் எத்தனையோ சட்டங்கள் போட்டாலும் இந்தத் தொகுப்பை எடுத்துக் கடாசவில்லை. மோனோவிட்ஸில் ஆட்கள் செத்து விழுந்த நாட்களிலும் அது அமலில்தான் இருந்தது. ஆகவே புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, இருக்கிற சட்டமே போதும் என்பதுதான் அணுகுமுறை.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது? முகாம் எஸ்.எஸ். பொறுப்பு, நாங்கள் இல்லை. அரசாங்கம் உத்தரவு போட்டது, மறுக்க வழியில்லை. தொழிற்சாலைக்குள் கைதிகளை நாங்கள் நன்றாகவே நடத்தினோம். இதற்கு அத்தாட்சியாக நூரெம்பெர்க் காலத்திலிருந்தே அவர்கள் சொல்லிவந்தது மதியம் கொடுத்த ஒரு சூப்! முகாம் உணவுக்கு மேல் நிறுவனம் தன் செலவில் கொடுத்த தண்ணீர் போன்ற சூப் அது. நம் ஊர் நீதிமன்றங்களிலும் எதிர்த்தரப்பின் பதிலுரையில் இந்த மாதிரி சூப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அது இருக்கட்டும்.

அதே கட்டுமான இடத்தில் பிரிட்டிஷ் போர்க் கைதிகளும் வேலை செய்திருந்தார்கள். அவர்களில் சிலர் வந்து, பார்த்ததைச் சாட்சியமாகச் சொன்னார்கள். இது முக்கியம். யூதக் கைதி சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று தட்டிக்கழிக்க அன்றைய ஜெர்மனியில் நிறையப் பேர் தயாராக இருந்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாயின் வார்த்தையை அப்படித் தள்ள முடியாது.

1953 ஜூன் 10 அன்று தீர்ப்பு வந்தது. கேட்ட 10,000 மார்க்கும் கிடைத்தது. நிறுவனத்துக்கு எதுவும் தெரியாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. கைதிகள் விஷயத்தில் நிறுவனம் காட்டிய அலட்சியம் பயங்கரமானது என்றும், தாங்கள் கடமைப்பட்டிருக்கும் முழு மனிதர்களாக அவர்களை நினைக்கவே இல்லை என்று கொண்டால்தான் அந்த அலட்சியம் விளங்குகிறது என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். தண்டனை தரும் கிரிமினல் கோர்ட் அல்ல இது. பாக்கியைத் தீர்க்கும் சிவில் கோர்ட். அதில் ஜெர்மன் நீதிபதிகளே இப்படி எழுதினார்கள்.

மேல்முறையீடு போகும் என்பது சொல்லாமலே தெரியும். 10,000 மார்க் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை; பின்னால் வரப்போகிற ஆயிரக்கணக்கான பேரை நினைத்துத்தான் பயம். மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு தரப்பையும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் பேச வந்தது, 1951-ல் யூத அமைப்புகள் சேர்ந்து அமைத்த கிளெய்ம்ஸ் கான்பரன்ஸ். இஸ்ரேலோடு சேர்ந்து 1952-ல் ஜெர்மன் அரசோடு லக்சம்பர்க் ஒப்பந்தம் போட்ட அதே அமைப்புதான். அதன் சார்பில் பேசியவர்களில் பெஞ்சமின் ஃபெரன்ஸும் இருந்தார். நூரெம்பெர்க்கில் கொலைப் படைகளுக்கு எதிராக அரசுத் தரப்பில் வாதாடியவர்.

1957 பிப்ரவரியில் சமரசம் ஆனது. மொத்தம் 3 கோடி மார்க். ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு 5,000 மார்க், குறைவாகச் செய்தவருக்கு 2,500. உரிமை கோருகிறவர்கள் 1957 முடிவதற்குள் பெயர் பதிய வேண்டும், தவறினால் கிடையாது என்று ஜெர்மன் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. சமரசத்தில் நிறுவனம் ஒரு நிபந்தனையும் வைத்தது: பணம் தருகிறோம், ஆனால் சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை.

இந்த ஒரு வரியை நான் பல வருடமாக மனதில் வைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் பார்த்தால் நல்ல சமரசம். வயதாகி, உடல் கெட்டுக் கிடந்தவர்களுக்கு அவர்கள் இருக்கும்போதே காசு கிடைத்தது. மேல் நீதிமன்றம் போயிருந்தால் தோற்றிருக்கவும் கூடும். ஆனால் கீழ்க் கோர்ட் கொடுத்த தீர்ப்பு உறுதியாகாமலே போனது. அடுத்து வந்த கம்பெனிகள் எல்லாம் தீர்ப்பை விட்டுவிட்டு அந்த நிபந்தனையை மட்டும் காப்பியடித்தன. 1959-ல் எஃகு நிறுவனமான க்ரூப் பணம் கொடுத்தது, பொறுப்பை ஏற்காமல். தொழிலதிபர் பிரீட்ரிஷ் ஃபிளிக் அதுவும் செய்யவில்லை. நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக 1972-ல் செத்தார். ஒரு பைசா கொடுக்கவில்லை. 1986-ல் அவருடைய தொழில் குழுமத்தை வாங்கிய டாய்ச்சு வங்கி கடைசியில் 50 லட்சம் மார்க் கொடுத்தது. வாதி நான் என்றால் அந்த நிபந்தனையை ஏற்றிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். நான் பசியோடு இருந்ததில்லை, அதனால் சொல்லமாட்டேன்.

விடுபட்டவர்கள் நிறைய. போலந்தைச் சேர்ந்த கட்டாயத் தொழிலாளி ஒருவர் ஐ.ஜி. ஃபார்பன் மேல் போட்ட வழக்கை 1963-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் தள்ளியது. காரணம் 1953 லண்டன் கடன் ஒப்பந்தம். வெளிநாட்டவரின் போர்க்கால உரிமைக் கோரிக்கைகளை இறுதிச் சமாதான உடன்படிக்கை வரும்வரை தள்ளிவைக்கிறது அது. அந்த உடன்படிக்கை எப்போது வரும்? ஜெர்மனி இரண்டாகக் கிடந்த காலத்தில் யாருக்குத் தெரியும். ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களுக்கு நடந்தது இன்னும் மோசம். 1943-க்கு முன் அவர்களை நாடுகடத்தியது இனத் துவேஷத்தால் இல்லை, குற்றத் தடுப்பு நடவடிக்கை என்று அதே உச்ச நீதிமன்றம் 1956-ல் சொன்னது. நாஜி போலீஸ் என்ன காரணம் எழுதி வைத்ததோ அதையே நீதிபதிகள் திருப்பிச் சொன்னார்கள். 1963-ல் அதை மாற்றினார்கள். அதற்குள் எத்தனையோ மனுக்கள் தள்ளுபடி ஆகிவிட்டன. அரசாங்கத்தின் இழப்பீட்டுச் சட்டத்திலும் உடல்நலக் கேட்டுக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் சம்பாதிக்கும் திறனில் குறைந்தது 25 சதவீதம் போயிருக்க வேண்டும், அதுவும் முகாமால்தான் போனது என்று டாக்டர் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு ஜெர்மன் மொழியில் வைத்த பெயருக்கு ‘மறுபடி நல்லதாக்குதல்’ என்று அர்த்தம். பாதிக்கப்பட்ட பலர் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே கூசினார்கள்.

பிறகு 1990-களில்தான் கதவு திறந்தது. ஜெர்மனி ஒன்றானது, அமெரிக்க நீதிமன்றங்களில் குழு வழக்குகள் குவிந்தன. ஸ்விஸ் வங்கிகள் 1998-ல் 125 கோடி டாலருக்குச் சமரசம் செய்தன. ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப் பாதியாக 1,000 கோடி மார்க் போட்டு 2000-ல் ஓர் அறக்கட்டளை அமைத்தன. 2007 வரை 16 லட்சம் பேருக்கு மேல் பணம் போய்ச் சேர்ந்தது. அதில் கிழக்கு ஐரோப்பியர்களே அதிகம். ஆனால் அங்கேயும் அதே கணக்குதான்: பணம் தருகிறோம், இனி வழக்கு வேண்டாம்.

வோல்ஹைம் அதைப் பார்க்கவில்லை. மனு தாக்கலான 1951-லேயே அமெரிக்கா போய், நியூயார்க்கில் கணக்காளராக வேலை பார்த்து, 1998 நவம்பரில் காலமானார். கலைப்பு நிலையில் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் அவருக்குப் பிறகும் இருந்தது. அதன் பங்குகளைச் சந்தையில் வாங்கி விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். 2003-ல்தான் திவாலானது.

பிராங்க்பர்ட்டில் அந்த நிறுவனம் கட்டிய பிரம்மாண்டமான தலைமை அலுவலகம் இன்றும் நிற்கிறது. போருக்குப் பின் அமெரிக்க ராணுவம் அதில் இருந்தது, 2001 முதல் கேத்தே பல்கலைக்கழகம் இருக்கிறது. முன்னால் இருக்கும் சதுக்கத்துக்குப் புதுப் பெயர் வேண்டும் என்று மாணவர்கள் பல வருடம் போராடி ஒருவழியாக வாங்கினார்கள். பிரதிவாதியின் அந்தப் பழைய ஆபீசுக்கு இன்று ஒரு கடிதம் போட்டால், உறையின் மேல் நோர்பெர்ட் வோல்ஹைம் சதுக்கம், எண் 1 என்று எழுத வேண்டும்.